குவாதலூப்பில் இருபத்துநாலு நாள்: கடற்கரைக்குப் பாதி மார்க், காப்பெஸ்தேர் மாரியம்மனுக்கு முழு மார்க்

மகள் குவாதலூப்பில் இருக்கிறாள் என்று சொன்னால் எங்கள் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பாதிப் பேர் "அது எங்கம்மா இருக்கு?" என்று கேட்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா வீட்டு ஆட்கள் மட்டும் "ஓ, அந்தீயா? வெயில் நம்ம ஊர் மாதிரிதான்" என்பார்கள். அந்தீ என்றால் கரீபியக் கடலில் இருக்கும் தீவுகள், குவாதலூப் அதில் ஒன்று. போய் வந்து இரண்டு மாதம் ஆகிறது. தெருவில் பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: டிக்கெட்டுக்கு அவ்வளவு செலவு செய்து போனால் அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. நான் அரசுப் பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். என்னோடு அக்காவும் வந்தாள். அவளுக்கு அறுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலும் வலி. அதனால் எங்கே படி ஏற வேண்டும், எங்கே உட்கார இடம் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் விசா, ஏனென்றால் நாங்கள் அங்கேதான் சறுக்கினோம். குவாதலூப் 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். பணம் யூரோ, போலீஸ் ஜாந்தார்ம், தபால் பெட்டி மஞ்சள். ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகலாமே, அந்த ஷெங்கன் எல்லைக்குள் அது வராது. 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எங்க அப்பா பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு எழுதிக் கொடுக்கவில்லை. நாங்கள் இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள். ஊரில் ஒரு பயண ஏஜென்ட் "பாரிஸ் விசா இருந்தா போதும்மா, எல்லாம் பிரான்ஸ்தானே" என்றார். நம்பினோம். மகள் போனில் கேட்டுப் பதறிய பிறகுதான் தப்பு தெரிந்தது. கடல் கடந்த பிரெஞ்சு மாவட்டங்களுக்குச் செல்லும் என்று விசாவிலேயே எழுதியிருக்க வேண்டும். விண்ணப்பத்தை முதலிலிருந்து போட்டு, ஒரு மாதம் தள்ளி, மாசியில்தான் கிளம்ப முடிந்தது. மாசிமகத்தன்று நான் வைத்திக்குப்பத்தில் இல்லாதது இதுதான் முதல் தடவை.

பாரிஸில் ஒரு விமான நிலையத்தில் இறங்கி ஒர்லிக்கு மாற வேண்டும். அங்கிருந்து எட்டரை மணி நேரம் அட்லாண்டிக் மேலே. நடுவில் ஒரு ராத்திரி பாரிஸில் தங்கிவிடுங்கள். வயதானவர்களுக்கு ஒரே மூச்சில் போவது முடியாது.

தீவு ஒரு வண்ணத்துப்பூச்சி மாதிரி இருக்கும். கிழக்குச் சிறகு கிராந்த்தேர், சுண்ணாம்புக்கல் தரை, கரும்பு, மணல் கடற்கரை. மேற்குச் சிறகு பாஸ்தேர், எரிமலை, காடு, வாழைத்தோட்டம். இரண்டுக்கும் நடுவே சாலே ஆறு என்ற உப்பங்கழி. மகள் வீடு கோசியேயில். உல்லாசப் பயணிகள் வந்து குவியும் ஊர் அதுதான். பெரிய ஹோட்டல்கள், படகுத்துறை எல்லாம் அந்தப் பக்கம். கூழைக்கடா பறவையைப் பழைய பிரெஞ்சுக்காரர்கள் 'பெரிய தொண்டைக்காரன்' என்று கூப்பிட்டதால் ஊருக்கு அந்தப் பெயராம். இன்னமும் சாயங்காலத்தில் அவை தண்ணீரில் தொப்பென்று விழுந்து மீன் பிடிப்பதைப் பார்க்கலாம். அக்கா கரைச் சுவரில் உட்கார்ந்து இதையே ஒரு மணி நேரம் பார்த்தாள்.

கோசியே கடற்கரை நல்ல கடற்கரை. சொல்லக் குறை இல்லை. பவளத்திட்டு அலையைத் தடுத்துவிடுவதால் தண்ணீர் குளம் மாதிரி நிற்கிறது, பயமில்லாமல் இடுப்பளவு இறங்கலாம். நம்ம கடலில் யாரும் அப்படி இறங்க முடியாது. எதிரே ஒரு குட்டித் தீவு, அதில் ஒரு கலங்கரை விளக்கம், படகில் சில நிமிடம். சுண்ணாம்பாற்றில் படகு ஏறி மணல்திட்டுக்குப் போவோமே, அது மாதிரிதான். தண்ணீர் மட்டும் பச்சைக் கண்ணாடி. சாப்பாடு கட்டிக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். படகிலிருந்து இறங்கும்போது தண்ணீரில் கால் வைக்க வேண்டியிருக்கும், அக்காவைப் படகுக்காரப் பையன் கை கொடுத்து இறக்கினான். சேன்த் ஆன் ஊரின் வெள்ளை மணல் இன்னும் அழகு. ஆனால் ஒன்று: கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த நமக்குத் தென்னை மரமும் கடலும் மூன்றாம் நாள் பழகிப்போய்விடும். பனியில் வாழும் பிரெஞ்சுக்காரர்களுக்கு அது சொர்க்கம். நமக்குப் பாதி மார்க்.

கடற்கரையில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று மான்சனியே மரம். சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி பழம், நல்ல நிழல். அதன் பால் பட்டால் தோல் கொப்புளித்துவிடும். மழைக்கு ஒதுங்கி அடியில் நின்றால் இலையில் சொட்டும் தண்ணீரே போதும். பழத்தைக் கடித்தால் ஆஸ்பத்திரிதான். அடிமரத்தில் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்திருப்பார்கள். மகள் நர்ஸ் என்பதால் முதல் நாளே எங்களை அழைத்துப்போய் மரத்தைக் காட்டி, "அம்மா, பெரியம்மா, இதுகிட்ட போகவே கூடாது" என்று சொல்லிவிட்டாள். கீழே விழுந்த பழத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பது நம்ம வழக்கம், அதனால் அழுத்திச் சொல்கிறேன். இன்னொன்று சர்காஸ் பாசி. 2011 முதல் அட்லாண்டிக்கிலிருந்து பழுப்பு நிறப் பாசி மூட்டை மூட்டையாகக் கரை ஒதுங்குகிறது. அது அழுகும்போது அழுகிய முட்டை வாடை. நாங்கள் போனபோது கோசியேயில் இல்லை, கிழக்குப் பார்த்த கரைகளில் இருந்தது. ஆஸ்துமா இருப்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மீன் காட்சியகம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், பேரன் குதித்தான், எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஃப்ளேர் தெப்பே கோட்டை 18-ஆம் நூற்றாண்டுக் கட்டடம், மேட்டில் இருக்கிறது, காற்று நன்றாக வரும், கடல் முழுதும் தெரியும். போகலாம்.

பக்கத்து நகரம் புவான்தாபித்ர். கோசியேயிலேயே தங்கிவிட்டு இந்த ஊரைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள் நிறையப் பேர் என்று மாப்பிள்ளை சொன்னார். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கட்டடங்கள் பழசு, பெயின்ட் உதிர்ந்தது, மர பால்கனிகள் சாய்ந்து நிற்கின்றன. நம்ம துமாஸ் வீதியைப் பராமரிக்காமல் விட்டால் எப்படி இருக்குமோ அப்படி. ஆனால் சேன்த் அந்துவான் மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் நம்ம பெரிய மார்க்கெட் ஞாபகம் வரும். இரும்புக் கூரை, அடியில் கிராம்பு, ஜாதிக்காய், பட்டை, வெனிலா. கடை போட்டிருக்கும் பெண்கள் தலையில் கட்டியிருப்பது கட்டம் போட்ட துணி. அதன் பெயர் என்ன என்று கேட்டேன். "மத்ராஸ்" என்றாள். மேஜை விரிப்பு, பொம்மைச் சட்டை, கல்யாணப் பாவாடை எல்லாமே மத்ராஸ். நம்ம கைலித் துணி அங்கே ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

அடுத்து கொலொம்போ. அங்கே அது ஊரின் பெயர் இல்லை, குழம்புப் பொடி. கொத்தமல்லி, மஞ்சள், சீரகம், வெந்தயம், கடுகு, மிளகு. வாசனை பார்த்த அக்கா, "மிளகா சேர்க்காம அரைச்ச நம்ம கறிப்பொடி" என்றாள். சரியாகச் சொன்னாள். காரத்துக்கு மிளகாயைத் தனியாக முழுசாகப் போடுகிறார்கள், அது உருண்டையாக அழகாக இருக்கும், ஒரு துண்டுக்கே கண்ணீர் வரும். ஆட்டுக்கறி கொலொம்போ அங்கே எல்லாக் கறுப்பர் வீட்டிலும் சமைக்கிறார்கள். இந்தியச் சாப்பாடு என்று யாரும் தனியாக நினைப்பதே இல்லை. பொடி வாங்கும்போது மஞ்சளாகப் பளிச்சென்று இருப்பதை விட்டுவிட்டு, கொஞ்சம் பழுப்பாக, வறுத்த வாசனை வருவதைக் கேட்டு வாங்குங்கள். தெருவில் போகித் என்ற எண்ணெயில் பொரித்த ரொட்டி கிடைக்கும், நடுவில் மீனோ கோழியோ வைத்துத் தருவார்கள். ஒன்று சாப்பிட்டால் மதியம் முடிந்தது. கருவாட்டு மீனில் சுடும் அக்ரா உருண்டை நம்ம வடைக்குத் தம்பி.

மெமோரியால் ஆக்த் இந்த ஊரில்தான் இருக்கிறது. கடலோரம் கறுப்புக் கட்டடம், மேலே வெள்ளி நிறத்தில் வேர் படர்ந்த மாதிரி பின்னல். அடிமை வியாபாரத்தின் நினைவகம், 2015-இல் திறந்தது. முன்னால் அது தார்பூசியே என்ற சர்க்கரை ஆலை இருந்த இடம். மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். லிஃப்ட் இருக்கிறது, அங்கங்கே உட்கார இடமும் இருக்கிறது, காதில் மாட்டும் கருவி விளக்கம் சொல்லும். பிரெஞ்சு வராதவர்களும் ஆங்கிலத்தில் கேட்கலாம்.

பிரான்ஸ் 1794-இல் அடிமைத்தனத்தை ஒழித்தது, 1802-இல் நெப்போலியன் மறுபடி கொண்டுவந்தான், 1848-இல்தான் அது நிஜமாகவே முடிந்தது. இதை வகுப்பில் நான் எத்தனையோ வருஷம் தேதிகளாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சுதந்திரம் கிடைத்து, எட்டு வருஷம் அனுபவித்து, அதற்கப்புறம் மறுபடி விலங்கு மாட்டப்பட்ட மனிதர்கள் என்று அந்த இருட்டு அறைகளில் நின்றபோதுதான் யோசித்தேன். லூயி தெல்கிரேஸ் என்ற படைத்தலைவரும் அவரோடு இருந்தவர்களும் பிடிபட மனமில்லாமல் மத்தூபா மலையில் வெடிமருந்துக்குத் தீ வைத்து இறந்தது 1802 மே 28 அன்று. அந்த இடம் பாஸ்தேர் பக்கம் இருக்கிறது.

இன்னொன்று என்னை உறுத்தியது. புதுச்சேரிப் பக்கம் நெய்து அவுரியில் தோய்த்த நீலத் துணியைக் 'கினே' என்ற பெயரில் பிரெஞ்சு வியாபாரிகள் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஏற்றிப் போனார்கள். அங்கே அது காசு மாதிரி செல்லுபடி ஆனது. மனிதர்களை வாங்கவும் அந்தத் துணியைக் கொடுத்திருக்கிறார்கள். முத்தியால்பேட்டை நெசவாளர் ஊர். என் தாத்தா வீட்டிலும் தறி ஓடியது. நெய்தவர்களுக்கு அது எங்கே போகிறது என்று தெரிந்திருக்காது. எனக்கு இப்போது தெரியும். அந்த அறையை விட்டு வெளியே வர எனக்கு நேரம் பிடித்தது. அக்கா ஒன்றும் கேட்காமல் பெஞ்சில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

1848-க்கு அப்புறம் கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே. அங்கேதான் நம்ம கதை தொடங்குகிறது. ஓரேலி என்ற கப்பல் 1854 டிசம்பர் 24 அன்று முதல் இந்தியர்களைப் புவான்தாபித்ர் துறையில் இறக்கியது. 1889 வரை சுமார் 42,000 பேர். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறியவர்கள் நிறைய, பின்னால் கல்கத்தாவிலிருந்தும் போனார்கள். ஒப்பந்தம் முடிந்தால் திருப்பி அனுப்புவோம் என்று எழுதியிருந்தது. பெரும்பாலோர் திரும்பவில்லை. அந்தத் துறையைத் தார்ஸ் என்கிறார்கள். இப்போது மீன் படகுகள் நிற்கின்றன, காலையில் கரையிலேயே மீன் விற்கிறார்கள், பக்கத்தில் விக்துவார் சதுக்கத்தில் மர நிழலில் உட்காரலாம். காசு கிடையாது, டிக்கெட் கிடையாது. என்னைக் கேட்டால் ஊரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்தத் துறை. 2022-இல் நம்ம பழைய துறைமுகப் பாலம் இடிந்து விழுந்தது. அதற்கு முன்பே எத்தனை பேர் அந்தக் கரையிலிருந்து ஏறிப் போயிருப்பார்கள். இறங்கிய இடத்தை நான் பார்த்துவிட்டேன்.

இனி காப்பெஸ்தேர். கோசியேயிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பஸ்ஸை நம்ப வேண்டாம், சாயங்காலம் சீக்கிரம் நின்றுவிடும், ஞாயிற்றுக்கிழமை கிடைப்பதே அரிது. சாலையோரத்திலேயே ஷான்ஜி கோவில் தெரியும். அக்கா கார் கண்ணாடியை இறக்கி, "அடியே, கோபுரம்டி!" என்றாள். மண்டபத்தின் மேலே கலர் கலராகச் சிலைகள். அங்கே அம்மன் பெயர் மாலியெமேன். மாரியம்மன்தான். மல்தேவிலன் என்றால் மதுரை வீரன். கொடிமரம் நட்டு நகூமீலாவுக்கு வேண்டிக்கொள்கிறார்கள். அது நாகூர் மீரா, கடலில் காப்பாற்றியதற்கு நன்றி. காரைக்கால்காரர்கள் கொண்டுபோனது என்று கேட்டதுமே தெரிகிறது. பூசாரி பூசாரிதான், தப்பு மேளம் தப்புதான், வேப்பிலை வெப்பேலே. நாடகத்தை நாத்ரோன் என்கிறார்கள், அதைச் சொல்லிக்கொடுப்பவர் வாத்தியாலு. நாற்பது வருஷம் பிரெஞ்சில் புழங்கிய என் காதுக்கு, தமிழ் பிரெஞ்சு மூக்கால் பேசுவதைக் கேட்கும்போது தொண்டை அடைத்தது.

நாங்கள் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு குடும்பம் நேர்த்திக்கடன் செலுத்திக்கொண்டிருந்தது. கேட்டோம், உட்காரச் சொன்னார்கள். செருப்பை வெளியே விட வேண்டும். கிடா வெட்டு, சேவல் பலி இரண்டும் உண்டு. அதைப் பார்க்க முடியாதவர்கள் விசேஷம் இல்லாத நாளில் போங்கள். பூசாரி பாடியது தமிழ். ஆனால் அவருக்குப் பொருள் தெரியாது, அவர் அப்பா பாடியதை அப்படியே காதில் வாங்கிப் பாடுகிறார். எனக்கும் பாதி புரியவில்லை. நூற்றைம்பது வருஷம் வாயிலேயே உருண்டு தேய்ந்த தமிழ். "ஆத்தா" மட்டும் தெளிவாகக் கேட்டது, அப்புறம் "கரகம்". பிறகு வாழையிலை போட்டுச் சாதமும் கறிக் கொலொம்போவும் பரிமாறினார்கள். பந்தியில் கறுப்பர்களும் இருந்தார்கள், ஒரு வெள்ளைக்காரக் குடும்பமும் இருந்தது. இலையை எந்தப் பக்கம் மடிப்பது என்று அக்கா பக்கத்துப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

இந்த மக்கள் ஓட்டுரிமைக்கே சண்டை போட வேண்டியிருந்தது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். ஆன்றி சிதம்பரம் என்பவர், காப்பெஸ்தேரில் 1863-இல் பிறந்தவர், இந்தியக் கூலிகளின் பிள்ளைகளும் பிரெஞ்சுக் குடிமக்கள்தான் என்று 1904-இல் தொடங்கி வழக்காடினார். 1923-இல்தான் ஜெயித்தது. பத்தொன்பது வருஷம். புதுச்சேரியில் அவர் பெயரை நான் ஒரு பாடப் புத்தகத்திலும் பார்த்ததில்லை, இது சரியில்லை.

கோவிலைத் தாண்டிப் போனால் துய்மனுவார் சாலை வரும், இரண்டு பக்கமும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரிசையாக ராஜ பனை. அங்கிருந்து கார்பே அருவிக்கும் போகலாம். இரண்டாவது அருவி 110 மீட்டர் உயரம், கொலம்பஸ் 1493-இல் கடலிலிருந்தே பார்த்ததாகச் சொல்கிறார்கள். காட்டுக்குள் படிகள் ஈரம், வழுக்கும். அக்கா காரிலேயே இருந்தாள், நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். முழங்கால் வலிக்காரர்கள் பாஸ்தேர் காட்டுச் சாலையில் இருக்கும் எக்ரெவீஸ் அருவிக்குப் போங்கள், அங்கே நடை கொஞ்சம்தான்.

பெரியவர்களை அனுப்பும் பிள்ளைகளுக்கு இன்னும் ஒன்று. குழாய்த் தண்ணீர் முறை வைத்து நின்றுபோகும், வீட்டில் குடத்தில் பிடித்து வையுங்கள். மகள் வீட்டில் வாரத்தில் இரண்டு முறை நின்றது. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம், அப்போது வேண்டாம். மாசி, பங்குனி நல்ல பருவம்.

பந்தி முடிந்து கிளம்பும்போது ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். நீ பொந்திஷேரிதானா என்று பிரெஞ்சில் கேட்டார். ஆமாம் என்றேன். தமிழ் எழுதத் தெரியுமா என்றார். தெரியும் என்றேன். அவர் குடும்பப் பெயர் விராப்பேன். பிரெஞ்சு எழுத்தில் வாழ்நாள் முழுதும் அப்படியே எழுதி வந்திருக்கிறார். அது என்ன பெயர், எப்படி எழுதுவது என்று கேட்டார். கைப்பையில் காகிதம் இல்லை. மாப்பிள்ளை, "இந்தாங்க அத்தை" என்று பெட்ரோல் ரசீதைக் கொடுத்தார். அதன் பின்பக்கம் பெரிதாக 'வீரப்பன்' என்று எழுதி, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்துக் காட்டினேன். அவரும் விரல் வைத்துப் படித்தார். அப்புறம் பக்கத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ராமசாமி, முனியன், சாமிநாதன், முத்துசாமி. ரசீதில் இடம் போதவில்லை. நீங்கள் போகும்போது ஒரு நோட்டும் நல்ல பேனாவும் எடுத்துக்கொண்டு போங்கள்.